மூன்று பெட்டிகளில் கடைசி மட்டும் ஏன் கீழே இறங்கிவிடுகிறது?

வலைப்பக்க டெம்ப்ளேட்டில் மூன்று பெட்டிகளுக்கும் 33.33% அகலம் கொடுத்து, பக்கம் பக்கமாக நிற்க ஃப்ளோட் செய்தேன், 20 பிக்சல் பேடிங் (பெட்டியின் ஓரத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் நடுவே விடும் இடம்) வைத்ததும் மூன்றாவது கீழே போய்விட்டது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். வெளிச்சட்டம் 1200 பிக்சல் என்றால் ஒரு பெட்டி ஏறக்குறைய 400. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் அகலம் என்பது இயல்பாக உள்ளடக்கத்துக்கு மட்டும்தான். பேடிங் அதற்கு மேல் சேரும். இடமும் வலமும் சேர்த்து 440, மூன்றுக்கும் 1320. இடம் பத்தாது. அகலத்தில் எதையெல்லாம் சேர்ப்பது என்று சொல்லும் பாக்ஸ்-சைஸிங்கை பார்டர்-பாக்ஸ் என்று மாற்றுங்கள், பேடிங்கும் பார்டரும் அந்த 400-க்குள் அடங்கிவிடும். பெட்டிக்கு வெளியே விடும் மார்ஜின் மட்டும் அடங்காது.

சரி, இன்று புதிதாக எழுதும்போது ஃப்ளோட் எதற்கு? படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக வந்த வசதி அது. வேறு வழியில்லாமல்தான் லேஅவுட்டுக்கும் அதை வைத்து ஓட்டினோம். 2017-இல் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் (பெட்டிகளை வரிசை, நெடுவரிசையாக அடுக்கும் வசதி) வந்துவிட்டது. வெளிச்சட்டத்தை கிரிட் ஆக்கி, நெடுவரிசைகளுக்கு ஆட்டோ-ஃபிட் (இடத்துக்கு ஏற்ற எண்ணிக்கை) போட்டு, மின்மேக்ஸில் குறைந்தது 250 பிக்சல், அதிகபட்சம் 1 எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) என்று கொடுங்கள். இடைவெளிக்கு கேப் போதும். மொபைலில் பெட்டிகள் தானாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். ஒரே வரிசையில் இருப்பவை உயரத்திலும் சமமாக நிற்கும். ஃப்ளோட்டில் அதற்காகப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.