நீங்க உள்ள வந்ததும் பேச்சு நிக்குதா? - வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், யாரு யாரை அதட்டுறாங்க, அதட்ட அவங்களுக்கு என்ன உரிமை இருக்குன்னு. ஆபீஸ், வீடு, கவுண்டர்னு இடம்தான் வேற. வந்த வரிசைலயே போட்டுருக்கேன், கடைசி கடிதத்த மட்டும் வேணும்னே கடைசில வெச்சேன், ஏன்னு அங்க போனா தெரியும்.

சார், 6 வருஷமா ஒண்ணா வேல பாத்த டீமுக்கு இப்ப நானே லீடர். ப்ரமோஷன் வந்து 3 மாசம்தான் ஆகுது. நான் துளி கூட மாறல, அதே ஜோக், அதே கிண்டல். ஆனா நான் ரூமுக்குள்ள நுழைஞ்சா பேச்சு நின்னுடுது, எதச் சொன்னாலும் "பண்ணிடலாம்"னு தலையாட்டுறாங்க. என்ன தப்பு பண்ணேன்னே புரியல. (பேர் வேணாம்னு கேட்டுக்கிட்டவர்)

நீங்க மாறலங்கறத நம்புறேன். ஆனா போன வருஷம் "என்னப்பா இன்னும் முடிக்கலயா"ன்னு நீங்க கேட்டா அது கிண்டல், இப்ப அதே வார்த்தய அதே சிரிப்போட கேட்டாலும் வருஷக் கடைசில அவங்களுக்கு மார்க் போடப் போறது நீங்க, அதனால அது விசாரண மாதிரிதான் காதுல விழும். பவர் கைல இருக்கறவனுக்கு அதோட வெயிட் தெரியாது, கீழ நிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

இது சும்மா மனசு கஷ்டத்தோட முடியற விஷயம்னு நெனச்சிடாதீங்க. 1977 மார்ச் 27, கேனரி தீவுகள்ல டெனரீஃப் ஏர்போர்ட், நல்ல மூடுபனி. கேஎல்எம் ஜம்போ விமானத்தோட கேப்டன் ரன்வேல கிளம்ப ரெடியா நிக்கிறார். சாதாரண ஆள் இல்ல, அந்த கம்பெனில ஜம்போ ஓட்டறவங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கற பிரிவுக்கே தலைவர். பக்கத்துல இருந்த கோ-பைலட், இன்னும் பர்மிஷன் வரலன்னு ஒரு தடவ சொல்லி நிறுத்தினார். ரெண்டாவது தடவ கேப்டன் கிளம்பினப்ப அவர் அவ்வளவு அழுத்தமா சொல்லல. பின்னாடி உக்காந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியர்தான், அதே ரன்வேல இருந்த பான் ஆம் கம்பெனி ஜம்போ இன்னும் ரன்வேய விட்டு விலகலயோன்னு சந்தேகமா கேட்டார். விலகிடுச்சுன்னு கேப்டன் அடிச்சுச் சொன்னதும் அவர் மறுபடி கேக்கல. அடுத்த சில நொடில ரெண்டு ஜம்போவும் மோதி 583 பேர் செத்துப் போனாங்க. பனி, ரேடியோல வந்த இரைச்சல், டவர்ல பேசின வார்த்தக் குழப்பம்னு காரணம் நெறய உண்டு. எனக்கு மறக்கவே முடியாதது, சந்தேகம் வந்தவர் அத வாய விட்டுச் சொல்லியும் அது எடுபடாமப் போனதுதான்.

அதுக்கப்புறம்தான் விமானத் துறைல முழிச்சுக்கிட்டாங்க. கீழ இருக்கறவங்க தயங்காம சொல்லணும், கேப்டன் அதக் காது குடுத்துக் கேக்கணும், இத பயிற்சியாவே குடுக்கணும்னு 1979ல நாசா கூட்டின கூட்டத்துல பேச ஆரம்பிச்சு, 1981ல யுனைட்டட் ஏர்லைன்ஸ் நடைமுறைக்கே கொண்டு வந்தாங்க. ஆபரேஷன் தியேட்டர்லயும் இதே கததான். 2008ல உலக சுகாதார நிறுவனம் குடுத்த 19 அம்ச செக்லிஸ்ட்ல, கத்தி வைக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற எல்லாரும் தன் பேரையும் தன் வேல என்னன்னும் சொல்லணும்னு ஒண்ணு இருக்கு. படிச்சப்ப இதென்ன ஸ்கூல் அட்டெண்டன்ஸ் மாதிரின்னு சிரிச்சேன். ஆனா ஒரு தடவ வாயத் திறந்தவங்களுக்கு அடுத்த தடவ "டாக்டர், ஒரு நிமிஷம்"னு சொல்றது கொஞ்சம் ஈசி, அதுக்குத்தான் அது.

உங்க விஷயத்துக்கு வரேன். "யாருக்காவது டவுட் இருக்கா"ன்னு கேக்காதீங்க, ஒருத்தரும் கை தூக்க மாட்டாங்க. "இந்த பிளான் சொதப்புச்சுன்னா எந்த இடத்துல சொதப்பும், ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேளுங்க, அப்ப குத்தம் சொல்றது அவங்க வேல ஆயிடும், துணிச்சல் தேவப்படாது. மீட்டிங்ல உங்க கருத்த கடைசில சொல்லுங்க. அப்புறம் முதல்முதலா ஒருத்தர் கெட்ட செய்தியோட உங்க டேபிளுக்கு வருவார் பாருங்க, அன்னிக்கு உங்க மூஞ்சி எப்படி இருக்குங்கறத டீம் மொத்தமும் பாத்துட்டு இருக்கும். அசோகர் தன்னோட ஆறாவது பாறைக் கல்வெட்டுல, நான் சாப்பிட்டுட்டு இருந்தாலும் சரி, அந்தப்புரத்துல இருந்தாலும் சரி, தோட்டத்துல இருந்தாலும் சரி, மக்கள் விவகாரம்னா எப்ப வேணாலும் வந்து சொல்லலாம்னு எழுதி வெச்சிருக்கார். ராஜாவே அத கல்லுல வெட்ட வேண்டியிருந்துச்சுன்னா, வாய்ல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன்.

பவர் வந்தா எல்லாரும் கெட்டுப் போயிடுவாங்கன்னு சொல்றது உண்மையா?

அத 1887ல ஒரு கடிதத்துல எழுதினவர் இங்கிலாந்து வரலாற்று ஆசிரியர் ஆக்டன் பிரபு. ஆனா அவர் எழுதினது, அதிகாரம் கெடுக்கப் பாக்கும்னுதான், கெடுத்தே தீரும்னு இல்ல. முழு அதிகாரத்தப் பத்திதான் அந்தளவு உறுதியா சொன்னார்.

1971ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல மாணவர்கள வெச்சு ஒரு பொய் ஜெயில் நடத்தினாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க, 2 வாரம்னு ஆரம்பிச்சு 6 நாள்ல நிறுத்த வேண்டியதாச்சு. காவலர் வேஷம் போட்டதுமே நல்ல பசங்க கொடுமக்காரங்களா மாறிட்டாங்கன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தோம். காவலர்கள்ட்ட கறாரா இருங்கன்னு நடத்தினவங்க தரப்புலயே சொன்னது பின்னாடி ரெக்கார்டிங்ல வந்ததும் அந்தக் கத கொஞ்சம் ஆட்டம் கண்டுச்சு. எனக்கென்னவோ இப்பதான் அது இன்னும் பயமா தெரியுது, ஏன்னா தானா யாரும் மாறல, மேல ஒருத்தர் தலையாட்டினா போதும்னு ஆகுதே. ஆராய்ச்சி நடத்தின பேராசிரியரே ஜெயில் சூப்பிரண்டு வேஷத்துல மூழ்கிப் போயிருந்தார், வெளிலருந்து பாக்க வந்த கிறிஸ்டினா மாஸ்லாக்ங்கற பெண் இது அநியாயம்னு சண்ட போட்ட பிறகுதான் நிறுத்தினார்.

என் வீட்டுக்காரர் 17 வயசு பொண்ணோட ஃபோன தினமும் ராத்திரி வாங்கி எல்லா மெசேஜும் படிக்கிறார். கேட்டா "அவ நல்லதுக்குத்தான், சம்பாதிச்சுப் போடுறது நான்தானே"ங்கறார். பொண்ணு இப்ப எங்ககிட்ட பேசறதே இல்ல. அவர் சொல்றதும் நியாயம்தானோன்னு குழப்பமா இருக்கு. (ஒரு வாசகி)

அவர் சொன்னது ஒண்ணு இல்லம்மா, ரெண்டு. "நல்லதுக்கு"ங்கறது காரணம், அத உக்காந்து பேசலாம், ஃபோன்ல வர்ற ஆபத்து நெஜமாவே ஆபத்துதான், பெத்தவங்க கண்ண மூடிக்கிட்டு இருக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். "சம்பாதிக்கிறது நான்"ங்கறது காரணமே இல்ல, ரசீது. இந்த ரெண்டாவது வாக்கியம் வாய்ல வந்துட்டா முதல் வாக்கியம் செத்துப் போச்சுன்னு அர்த்தம்.

அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பாருங்க, இது எந்தத் தேதில முடியும்னு. 18 ஆனா நிறுத்துவாரா, 20ஆ, கல்யாணம் ஆனா மருமகன் கைல குடுத்துடுவாரா? பெத்தவங்க அதிகாரம் தேய்பிறை மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறையணும், போன வருஷத்த விட இந்த வருஷம் ஒரு விஷயமாவது அவ கைக்குப் போயிருக்கணும். தினமும் படிக்கிறத விட்டுட்டு, என்ன நடந்தா நாங்க தலையிடுவோம்னு அவள உக்கார வெச்சு முன்கூட்டியே சொல்லிடுங்க. இன்னொண்ணு, ஃபோன்ல என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும், ஆனா அவ பேசறத நிறுத்தினதால அவ மனசுல என்ன இருக்குன்னு இப்ப வீட்ல யாருக்கும் தெரியாது. பாதுகாப்புன்னு பாத்தா கூட நஷ்டம்தான்.

நான் பெரிய யோக்கியன் மாதிரி எழுதறேன்னு நெனச்சிடாதீங்க. என் பையனுக்கு அப்ப 8 வயசு. ஒரு நாள் காலைல வண்டிச் சாவி காணோம், லேட்டாயிடுச்சு, அவன்தான் எடுத்து விளையாடிருப்பான்னு நானே முடிவு பண்ணி கத்து கத்துன்னு கத்தினேன். "நான் எடுக்கலப்பா"ன்னு ஒரு தடவ சொன்னான். நான் கேக்கல. ரெண்டாவது தடவ அவன் சொல்லவே இல்ல, செவுத்தப் பாத்து நின்னுட்டான். சாவி என் சட்டப் பைலயே இருந்துச்சு. நான் என்ன பண்ணேன்னா, "சரி சரி, கிளம்பு ஸ்கூலுக்கு"ன்னேன். மாமியார் உடச்சா மண்சட்டிங்கற கததான். இப்ப அவனுக்கு 16. வீட்ல என்ன காணோம்னாலும், யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே அவன் வாய்ல வர்ற முதல் வார்த்த "நான் எடுக்கல". மன்னிப்பு கேட்டேன், பல வருஷம் கழிச்சு, அவன் சிரிச்சுட்டு "எனக்கு ஞாபகமே இல்லப்பா"ன்னான். ஞாபகம் இல்லாமத்தான் சொல்லிட்டு இருக்கான்.

பிள்ளைங்கள அடிக்காம வளக்க முடியுமா?

1979ல சுவீடன் சட்டம் போட்டே தடுத்துச்சு, உலகத்துலயே முதல் நாடு. அங்க அடி வாங்காம வளந்தவங்க இப்ப தன் பிள்ளைங்கள வளத்துட்டு இருக்காங்க. முடியும்.

ஒரு சர்டிபிகேட்டுக்கு 4 தடவ அலைய விட்டார் கவுண்டர்ல இருந்தவர். பெரிய ஆபீசர் உடனே கையெழுத்து போட்டுட்டார், ஆனா சீல் வைக்கிற இவர்தான் "நாளைக்கு வாங்க". இவ்வளவு சின்ன பவர்ல என்ன சுகம் சார்?

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டார்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க. நாள் முழுக்க மேலருந்து திட்டு வாங்கற ஆளுக்கு, தன் முன்னாடி ஒருத்தர் கை கட்டி நிக்கிற ஒரே இடம் அந்த கவுண்டர்தான். காரணம் புரியுது, அதுக்காக மன்னிக்கணும்னு இல்ல. சண்ட போடாதீங்க, சண்ட போட்டா அவருக்கு இன்னும் சுகம். "எந்த விதிப்படி இன்னிக்கு முடியாதுங்கறத எழுதிக் குடுத்துடுங்க, நான் போயிடறேன்"னு மெதுவா சொல்லுங்க. பேப்பர்ல எழுதினா நாளைக்கு வேற ஒருத்தர் அதப் படிப்பாங்க, அந்த பயம் ஒண்ணு போதும் பாதி சீல் தானா விழுந்துடும். அரசாங்க ஆவணத்த மக்கள் பாக்கலாம்னு 1766லயே சட்டம் போட்டவங்களும் அதே சுவீடன்காரங்கதான், அதிகாரிங்க மேல வர்ற புகார விசாரிக்கன்னே தனியா ஒருத்தர 1809ல ஏற்பாடு பண்ணவங்களும் அவங்கதான்.

ஒரு சின்ன குசும்பு, கோவிக்காதீங்க. நீங்க ஏதாவது வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினா? யாரையாவது ரிமூவ் பண்ணிட்டு ஒரு நிமிஷம் ஜிவ்வுன்னு இருந்திருக்கா?

எனக்கு அதிகாரமே பிடிக்காது. சங்கத்துல செயலாளரா தேர்ந்தெடுத்துட்டாங்க, ஆனா நான் யாரையும் எதுவும் சொல்றதில்ல, அவங்கவங்க இஷ்டம்னு விட்டுட்டேன். இது நல்ல குணம்தானே?

இல்லங்க. நீங்க விட்ட அதிகாரம் காத்துல கரையாது, சத்தமா பேசறவன் எடுத்துக்குவான், அவனுக்கு ஓட்டு கூட யாரும் போடல. ரோமாபுரில ஆபத்து காலத்துல ஒருத்தர் கைல மொத்த அதிகாரத்தையும் குடுப்பாங்க, அதிகபட்சம் 6 மாசம், வேலய முடிச்சுட்டு திருப்பிக் குடுத்துடணும். இந்த ஏற்பாட்டுல எனக்குப் பிடிச்சது, எடுத்துக்கறதும் கடமை, திருப்பிக் குடுக்கறதும் கடமை. சீசர் வந்து கிமு 44ல அதயே ஆயுசு முழுக்கன்னு ஆக்கிக்கிட்டார், மார்ச் 15ஆம் தேதி செனட்டுலயே குத்திட்டாங்க. நம்ம காலத்துல மண்டேலா, 27 வருஷம் ஜெயில்ல இருந்துட்டு 1994ல அதிபரானவர், இன்னொரு தடவ நிக்க சட்டத்துல இடம் இருந்தும் 1999ல போதும்னு இறங்கிட்டார். நீங்க ஏறவே இல்ல, அப்புறம் இறங்கிட்டேன்னு எப்படிச் சொல்றது.

போன மாசம் என் கடிதத்த போட்டீங்க. படுத்த படுக்கையா இருக்கற அம்மாவ தனியா பாத்துக்கறேன், சில சமயம் கத்திடறேன்னு எழுதியிருந்தேன். அதுல முக்கியமான வரிய வெட்டிட்டு, "களைப்புல எல்லாரும் கத்துவாங்க, வருத்தப்படாதீங்க"ன்னு நாலு வரில பதில் சொல்லிட்டீங்க. ஆறுதல் கேட்டு நான் எழுதல. யார் கைல பேனா இருக்கோ அவங்க இஷ்டம்தானா?

ஆமா, வெட்டினது நான்தான். இடம் பத்தலன்னு சொல்லலாம், அது பாதி உண்மை. மீதி, அந்த வரிக்கு என்கிட்ட பதில் இல்ல, வெட்டிட்டா கேள்வி ஈசியாயிடுச்சு. இதக் கேட்டு நீங்க திரும்ப எழுதலன்னா எனக்கு இது தப்பாவே தெரிஞ்சிருக்காது.

இப்பவும் முழு பதில் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்த ரூமுக்குள்ள மூணாவது ஒரு ஆள் வரணும். அக்காவோ தம்பியோ பக்கத்து வீட்டம்மாவோ, வாரம் ஒரு மணி நேரம், நீங்க இல்லாதப்ப, அம்மாகிட்ட தனியா உக்காந்து பேசற மாதிரி. உங்கள நம்பாம இல்ல, நீங்க களைச்சுப் போயிருக்கீங்க, அம்மாவுக்கும் சொல்லிக்க ஒரு ஆள் வேணும், அந்த ஒரு மணி நேரம் நீங்க வெளில போய் சும்மா நடந்துட்டு வாங்க.

வெட்டின வரி இது, நீங்க எழுதின மாதிரியே போடறேன்:

"நான் கத்தினதுக்கு கோவிச்சுக்கிட்டு அம்மா மூஞ்சத் திருப்பிக்கிட்டாலும் அஞ்சு நிமிஷத்துல தண்ணிக்கு என்னத்தான கூப்பிடணும், அது அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எனக்குத் தெரியுதுங்கறதுதான் எனக்கு பயமா இருக்கு."