கோட்டை அகழியைத் தோண்டியது வீண் செலவா?

கேள்வி இதுதான்: பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டையைச் சுற்றி எப்போதோ தூர்த்துவிட்ட அகழியை மறுபடியும் தோண்டினார்கள். ஒரு போரைக்கூடப் பார்க்காத கோட்டைக்கு இவ்வளவு செலவு தேவையா?

தேவை என்பதுதான் என் பதில். நான் கோட்டை இருக்கும் ஜார்ஜ்டவுனில் பிறந்து வளர்ந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலை சீக்கிரம் முடிகிற நாள்களில் என்னைக் கோட்டைக்குப் பக்கத்துத் திடலான பாடாங் கோத்தாவுக்கு அழைத்துப் போவார். ஒரு தட்டு சோத்தோங் மீ (கணவாய் போட்ட நூடுல்ஸ்) வாங்கி இருவரும் சாப்பிட்டுவிட்டு, கோட்டைச் சுவர் ஓரமாக நடப்போம். அந்த வயதில் எனக்கு அது ஒரு பெரிய வீட்டு மதில் போலத்தான் இருந்தது. சுமார் 10 அடி உயரம். 'இதையா கோட்டை என்கிறார்கள்?' என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றியதற்குக் காரணம் அகழி இல்லாமல் போனதுதான் என்று பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

பீரங்கிக் காலத்துக் கோட்டைகளை உயரமாகக் கட்ட மாட்டார்கள். உயர்ந்த மதில் குண்டுக்குச் சுலபமாகச் சிக்கும். எனவே சுவரைத் தாழ்வாகவும் கனமாகவும் எழுப்பி, வெளியே பள்ளம் வெட்டுவார்கள். கார்ன்வாலிஸ் கோட்டை அகழியின் அகலம் 9 மீட்டர், ஆழம் 2 மீட்டர். அந்தப் பள்ளத்தில் இறங்கி நிற்பவனுக்கு எதிரே சுவர் 16 அடிக்கு மேல் எழுந்திருக்கும். நட்சத்திர முனைகள் போல நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்களிலிருந்து இரண்டு பக்கமும் சுடலாம். ஒளிய இடம் கிடையாது. பள்ளத்தை மூடிவிட்டால் இந்தக் கணக்கு எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. 1920களில் மலேரியா பரவியபோது கொசு பெருகும் இடம் என்று அதைத் தூர்த்தார்கள். அன்றைக்கு உயிர்களைக் காப்பது முக்கியம். அதில் குற்றம் காண மாட்டேன்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786இல் இந்த முனையில் இறங்கியபோது எழுந்த முதல் கோட்டை, நிபோங் மரத்தண்டுகளை வரிசையாக நட்ட வெறும் அரண். காட்டை வெட்டுவதற்கு ஆள்களை உற்சாகப்படுத்த, பீரங்கியில் வெள்ளிக்காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. எங்கள் ஊரில் அதைக் கேட்காத பிள்ளை இல்லை. வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். இப்போது நாம் பார்க்கும் செங்கல் கோட்டை 1804இல் தொடங்கி 1810 வாக்கில் முடிந்தது. அதைக் கட்டி எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கோட்டைக்குப் போய்வந்தாள். பயிற்சித்தாளில் 'கோட்டையைக் கட்டியவர் யார்?' என்று ஒரு கேள்வி. பக்கத்தில் ஒரே ஒரு கோடு. அவள் 'பிரான்சிஸ் லைட்' என்று எழுதி, சரி என்ற குறியும் வாங்கியிருந்தாள். லைட் 1794லேயே இறந்துவிட்டார். செங்கல் வேலை தொடங்கியது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து! அன்று இரவு அவளை உட்காரவைத்துச் சொன்னேன்: வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று மாகாணங்களிலிருந்தும் கைதிகளை இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள், சாலை போட்டதும் சாக்கடை வெட்டியதும் அவர்கள்தான், 1818இல் முடிந்த புனித ஜார்ஜ் தேவாலயத்திலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அவள் அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டு 'கைதிகள்' என்று எழுதினாள்.

அகழியைத் தோண்டியபோது நான் பலமுறை போய்த் தகரத் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒருநாள் மழை விட்ட நேரம். பள்ளத்தின் ஓரத்தில் மண் சரிந்து, அடிவரிசைச் செங்கற்கள் ஈரத்தில் கருஞ்சிவப்பாகத் தெரிந்தன. மேலே வெயிலில் வெளுத்துக் காரை பூசிய சுவர். கீழே நூறு ஆண்டு மண்ணுக்குள் இருந்து, வெயில் படாத செங்கல். இரண்டு செங்கலுக்கு நடுவே சுண்ணாம்புக் காரை ஓரிடத்தில் பிதுங்கி, வழிக்கப்படாமல் அப்படியே இறுகிப்போயிருந்தது. கொத்துக்கரண்டியைப் பிடித்தவன் அவசரத்தில் விட்டுவிட்டுப் போன ஒரு விரற்கடை அளவு. நான் நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

அகழாய்வைச் செய்த குழுவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் இருந்தார்கள். மாநில அரசு, நகர மேம்பாட்டு அமைப்பான திங்க் சிட்டி, ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொண்ட சீரமைப்பு இது. 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். இங்கே நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. அதுவே நல்லது. முன்பு கோட்டைக்கு உள்ளேயே திறந்தவெளி அரங்கு கட்டிக் கச்சேரி நடத்தினார்கள். கூட்டம் வந்தது உண்மை, ஆனால் கோட்டை அதற்கு வெறும் திரைச்சீலையாக இருந்தது.

போனால் வெடிமருந்துக் கிடங்கைத் தவறவிடாதீர்கள். என்னைக் கேட்டால் முழுக் கோட்டையிலும் அதுதான் மிக அறிவாகக் கட்டப்பட்ட இடம். 1814இல் கட்டியது. வெடிமருந்தில் பெரும்பங்கு வெடியுப்பு. காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டால் மருந்து நமத்துப்போகும். கடல் பத்தடி தூரத்தில் இரைகிற ஊரில் மருந்தைக் காயவைத்துக் காப்பது லேசான வேலையா? அதனால்தான் அவ்வளவு தடித்த சுவர், வளைந்த கூரை. தீப்பொறி பறக்கும் என்று இரும்பை இத்தகைய கிடங்குகளுக்குள் கொண்டுபோகாமல் இருப்பதும் அக்கால வழக்கம். உச்சி வெயிலில் உள்ளே நுழைந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்கும்.

ஸ்ரீ ரம்பாய் பீரங்கியும் அங்கேதான். 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்த வெண்கலப் பீரங்கி. ஜொகூருக்கும் அச்சேவுக்கும் சிலாங்கூருக்கும் கைமாறி, 1871இல் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டு வந்தது. குழந்தை வரம் கேட்டுப் பெண்கள் அதன் வாயில் பூ வைத்த காலமும் உண்டு.

ராணுவ நிலம் மக்கள் கைக்கு வருவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. அகழாய்வு செய்தவர்களின் பல்கலைக்கழகமே பிரிட்டிஷ் படை தங்கிய மிண்டன் முகாமில்தான் 1971 முதல் இருக்கிறது. பாடாங் காவாட், அதாவது அணிவகுப்புத் திடல், என்ற பெயர்கூட அங்கே மாறவில்லை. படைவீரர்கள் நடந்த இடத்தில் இன்று மாணவர்கள் பந்து விளையாடுகிறார்கள். தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே பட்டம் வாங்கியிருக்கிறார்கள். கோலாலம்பூரில் சுங்கை பெசி விமானத் தளத்தின் கதை வேறு. 1965இல் சுபாங் விமான நிலையம் திறந்ததும் பயணிகள் விமானங்கள் அங்கே போய்விட்டன. தளம் விமானப்படையிடம் இருந்தது. 2018இல் விமானங்கள் நின்றன. பண்டார் மலேசியா என்ற நகரம் எழும், சிங்கப்பூருக்கு அதிவேக ரயில் அங்கிருந்து புறப்படும் என்றார்கள். ரயில் திட்டம் 2021 ஜனவரி 1ஆம் தேதி ரத்தானது. சுமார் 486 ஏக்கர், நகரத்தின் நடுவில். சித்தப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நெடுஞ்சாலையிலிருந்து எட்டிப் பார்த்து ஏங்குகிறேன்.

ஆகவே அகழிக்கு ஆன செலவை நான் செலவாகவே நினைக்கவில்லை. எனக்கு இன்னும் ஒரு ஆசை பாக்கி இருக்கிறது. கட்டியவர்களைப் பற்றிய அந்த ஒரு வரி, வாசலில், பெரிய எழுத்தில், தமிழிலும் வங்காளியிலும் இருக்க வேண்டும். நீங்கள் போவதானால் மாலை ஐந்து மணிக்கு மேல் மேற்குப் பக்கமாகப் போங்கள். சாய்ந்த வெயில் அடிவரிசைச் செங்கல் மேல் நேராக விழும் நேரம் அது.