போர் மோட்டாரை மேலே தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் போர்வெல்லில் ஒன்றரை எச்.பி சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும்) மோட்டார் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் ஆம்பியர் முள் எகிறுகிறது, சில நொடிகளில் டிரிப் ஆகிவிடுகிறது. காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) போய்விட்டது, புது மோட்டார்தான் என்கிறார் மெக்கானிக். வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி காயில் எரிந்தாலும் வரும், மோட்டாரை ஸ்டார்ட் செய்ய உதவும் கெபாசிட்டர் செத்தாலும் வரும். மோட்டார் ஆழத்தில் இருக்கிறது, கெபாசிட்டரோ உங்கள் சுவர் பெட்டியில் இருக்கிறது. அதனால் முதலில் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். அந்த மின்சாரத்தை வெளியேற்றாமல் (டிஸ்சார்ஜ் செய்யாமல்) யாரும் கை வைக்கக் கூடாது. உப்பியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் மீட்டரில் மைக்ரோஃபாரட் அளவு (கெபாசிட்டரின் திறன்) எடுத்து, அதன் மேல் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்றும் கவனியுங்கள். பெயர்ப்பலகையில் உள்ளதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நல்ல மோட்டாரும் ஸ்டார்ட் ஆகத் திணறலாம்.

இரண்டும் சரியாக இருந்தால், பெட்டியில் மோட்டாரின் மூன்று ஒயரையும் (ரன்னிங், ஸ்டார்ட்டிங், இரண்டுக்கும் பொதுவான காமன்) கழற்றி ஓம்ஸ், அதாவது மின்தடை, பார்க்க வேண்டும். ரன்னிங்–காமன், ஸ்டார்ட்டிங்–காமன் இரண்டையும் கூட்டினால் ரன்னிங்–ஸ்டார்ட்டிங் அளவு வர வேண்டும். கூட்டல் ஒத்துவராவிட்டால் காயிலிலோ ஒயரிலோ கோளாறு. அடுத்து 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் மீட்டர்) ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே சோதியுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கினால் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கலாம். எல்லா அளவும் நன்றாக இருந்தும் டிரிப் ஆகிறதா? மணல் சிக்கி பம்ப் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த நிலைக்கு வந்த பிறகுதான் தூக்க வேண்டும். கேபிளைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். மேலே வந்ததும் பலரும் செய்யத் தவறுவது ஒன்று உண்டு: கேபிள் ஜாயின்ட்டை வெட்டி, மோட்டாரைத் தனியாகவும் கேபிளைத் தனியாகவும் மெக்கர் செய்வது. ஜாயின்ட்டில் நீர் கசிந்ததற்காக நல்ல மோட்டாரைக் காயில் கட்ட அனுப்பியவர்கள் உண்டு, எனக்கு அது ஒவ்வொரு முறையும் வருத்தம்தான். பம்பையும் பிரித்து ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

உண்மையிலேயே புது மோட்டார்தான் என்றால், அதே எச்.பி, அதே விட்டம், பழைய பம்புடன் பொருந்தும் கப்ளிங் (மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பாகம்) பார்த்து எடுங்கள். கெபாசிட்டரும் புது மோட்டாருக்குக் கம்பெனி சொன்ன அளவில் இருக்க வேண்டும், பழையதை அப்படியே மாட்டாதீர்கள். நீர் நிரப்பும் வகை மோட்டார் என்றால் இறக்கும் முன் சுத்தமான தண்ணீரைக் காற்றுக்குமிழி போகும்வரை ஊற்றி மூட வேண்டும். புது ஜாயின்ட்டை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைத்து மெக்கர் பாருங்கள். மெக்கர் காட்டும் அளவு குறையாமல் நின்றால் மோட்டாரை இறக்கலாம்.