நாலு சில்லும் இழுக்கிற வான்: சேறு, மணல், வெள்ளம் பற்றிக் கேள்வி பதில்

மாரி தொடங்க முதல் வழக்கமாக வருகிற கேள்விகள் இந்த முறை கொஞ்சம் கூடவே வந்திருக்கின்றன. டெலிக்கா, ஹையேஸ், எவ்ரி என்று நாலு வீல் வான் வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள், வாங்கி வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், புதைத்துவிட்டுப் போன் எடுப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். களுவாஞ்சிகுடிப் பக்கம் கராஜ் வைத்திருப்பதால் பகலில் பாதி நேரம் இந்த வான்களுக்கு அடியில்தான் கிடக்கிறேன், பதில் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வவுணதீவு: அண்ணன், பழைய டெலிக்கா. வட்டைப் பாதையில் 4 ஹை போட்டும் சுரிக்குள் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் முன்னால் ஒரு சில்லும் பின்னால் ஒரு சில்லும்தான் சுத்துது. நாலு வீல் என்று பொய் சொல்லி விற்றுவிட்டார்களா?

பொய் இல்லை தம்பி, உங்கள் வான் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. 4 ஹை என்பது நாலு வீலைச் சாதாரண கியர் வேகத்தில் ஓட்டுகிற நிலை, அதைப் போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் விசை கொண்டுபோகிற இரண்டு ஷாப்டும் ஒன்றாகப் பூட்டுப்படும், அவ்வளவுதான். இடது சில்லும் வலது சில்லும் பூட்டுப்படாது, அங்கே முன்னுக்கும் பின்னுக்கும் சாதாரண டிபரன்சல் இருக்கிறது, இரண்டு பக்கச் சில்லும் வேறு வேறு வேகத்தில் சுத்த விடுகிற பல்லுப்பெட்டி. அது இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சில்லு களிக்குள் சும்மா சுத்தினால் அதைச் சுத்த எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவுதான் மற்றச் சில்லுக்கும் கிடைக்கும், அது காய்ந்த தரையில் நின்றாலும் பிரயோசனமில்லை. வாய்க்காலைக் குறுக்காகக் கடக்கும்போது இடது முன் சில்லும் வலது பின் சில்லும் பாரம் விட்டுத் தூக்கிக்கொண்டால் நீங்கள் கண்ட காட்சிதான் வரும்.

அந்த நேரத்தில் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துவிட்டு மெதுவாக அக்சலரேட்டர் கொடுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சில்லுகளை. சும்மா சுத்துகிற பின் சில்லுக்கு ஒரு தடை கிடைத்தவுடன் எதிர்ப்பக்கச் சில்லுக்கும் விசை போகத் தொடங்கும். சில நேரம் அது போதும். நாலைந்து செக்கனுக்கு மேல் வேண்டாம், லைனர் சூடாகும். அசையவில்லை என்றால் இறங்கி, சுத்துகிற சில்லுக்கு அடியில் மட்டையோ உரப்பையோ வைக்கிறதுதான் வழி. ஆனால் அக்சலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள். டயர் சுத்தச் சுத்தப் பள்ளம் ஆழமாகும், கடைசியில் வானின் வயிறு தரையில் குந்திவிடும். அதற்குப் பிறகு நாலு வீலும் இல்லை, எட்டு வீலும் இல்லை, உழவு மெசின்தான்.

மெசினால் இழுக்கும்போது கயிற்றைப் பம்பரில் கட்ட வேண்டாம். சேசியில் உள்ள கொக்கியில் கட்டுங்கள், கயிறு நீளுகிற நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது, பிள்ளைகளைத் தூர அனுப்பிவிடுங்கள்.

சம்மாந்துறை: காக்கா, 4 ஹை எப்போது, 4 லோ எப்போது? மழைக்குக் கார்பட் றோட்டில் 4 ஹை போட்டு ஓடினால் பாதுகாப்புத்தானே?

முதலில் உங்கள் வான் எந்த வகை என்று பாருங்கள். பழைய பெட்டி டெலிக்கா என்றால் நடுவில் டிபரன்சல் கிடையாது. வளைவில் முன் சில்லு பின் சில்லைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும், இரண்டும் பூட்டுப்பட்டிருந்தால் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் ஷாப்டுகள் முறுகும். கிறவலிலோ சேற்றிலோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும். நல்ல கார்பட்டில் விடாது, ஸ்டியரிங் இறுகும், லீவரும் வெளியே வராது. அப்படி இறுகினால் நேராகக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள், கழன்றுவிடும்.

ஸ்பேஸ் கியர் டெலிக்கா வேறு. அதில் சுப்பர் செலக்ட் என்கிற 4 வீல் முறை உள்ளதில் 4 ஹை என்றால் நடு டிபரன்சலோடு ஓடும், மழைக்குக் கார்பட்டிலும் போடலாம். அடுத்த நிலையில் எல்சி என்று இருக்கும், அது நடுவைப் பூட்டிவிடும், அதை மண்ணுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 200 வகை ஹையேஸ் 4 வீலில் லீவரே இல்லை, லோவும் இல்லை. பின் சில்லு வழுக்கத் தொடங்கினால் விஸ்கஸ் கப்ளிங் என்கிற, தடித்த ஒயிலால் வேலை செய்கிற இணைப்பு தானாகவே முன்னுக்கு விசை அனுப்பும். அதனால்தான் அது ஈரப் புல்லுக்கும் கிறவல் ஏற்றத்துக்கும் நல்லது, ஆழச் சுரிக்கு ஆகாது. லோ கியர் வேகத்துக்கு இல்லை, கிளட்சைக் கருக்காமல் நடை வேகத்தில் ஊருவதற்கு. 4 லோ போட வண்டி நிற்க வேண்டும், ஓடிக்கொண்டு போட்டுக் கியரை அரைத்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

கல்முனை: ஆட்கள் ஏற்றி ஓடுகிற சாதாரண ஹையேஸ், 4 வீல் இல்லை. வெறும் வானாக இருந்தால் ஈரமான ஏற்றத்தில் பின் சில்லு சுத்துது, ஆட்களோடு என்றால் ஏறுது. பாரம் கூடினால் கஷ்டம் அல்லவா வர வேண்டும்?

அருமையான கேள்வி. இந்த வான்களில் எஞ்சின் முன் சீற்றுக்கு அடியில். வெறும் வானில் பாரம் முன்னுக்கு, இழுக்கிறதோ பின் சில்லு. டயர் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுக்குத்தான் பிடிக்கும். பின் சீற்றில் ஆட்கள் ஏறினால் பின் டயருக்கு அழுத்தம் கூடும், பிடிக்கும். நாலு வீல் வானுக்கு இதில்தான் பெரிய ஆதாயம், முன்னால் சும்மா கிடக்கிற அந்த எஞ்சின் பாரமும் இழுப்புக்கு உதவும். ஆனால் மணலில் இதே மூக்குப் பாரம் எதிரி, முன் சில்லு முதலில் தாழும். மேலே லக்கேஜ் அடுக்கினால் இன்னும் மோசம், இவை ஒடுங்கி உயர்ந்த வண்டிகள், சரிவான வரம்பில் சாய்ந்தால் நிமிர்த்துவது இலேசில்லை.

பொத்துவில்: ஆடி மாதம் உகந்தை முருகன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவோம். பாணமை தாண்டினால் சில இடத்தில் மணல். டெலிக்கா 4 வீல். காற்று இறக்க வேண்டுமா?

பாதை கிறவல்தான், அதற்கு இறக்கத் தேவையில்லை. ஒதுங்கி நிறுத்தப் போகிற இடங்களில்தான் ஆட்கள் மாட்டுவார்கள். இளகிய மணலில் காற்று இறக்குவது வேறு எந்த வித்தையையும்விடப் பலன் தரும். காற்றுக் குறைந்தால் டயர் நீளவாக்கில் படுக்கும், பாரம் பரவும், மணலை வெட்டாமல் மேலால் ஓடும். இரண்டு பேர் மட்டும் என்றால் 20 பிஎஸ்ஐ வரை இறக்கலாம், வான் நிறைய ஆட்கள் என்றால் அவ்வளவு இறக்காதீர்கள், முதலில் ஆட்களை இறக்குங்கள். இறக்கிய காற்றோடு வேகமாக ஓடக் கூடாது, ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பவும் கூடாது, டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். கையில் ஒரு கொம்ப்ரஸர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம், திரும்பிக் கார்பட்டுக்கு வந்ததும் கதவுத் தூணில் எழுதியிருக்கிற அளவுக்கு அடித்துவிடுங்கள்.

மணலில் நிற்கும்போது பிரேக் மிதிக்காமல் உருண்டு நிற்க விடுங்கள், பிரேக் மிதித்தால் சில்லுக்கு முன்னால் ஒரு மணல் மேடு சேரும், வெளிக்கிடும்போது அதில்தான் ஏற வேண்டும். மூக்கு இறக்கத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள். புதைந்தால் முதலில் வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுக்கப் பாருங்கள், அது ஏற்கெனவே இறுகின மணல். ஜக் வைக்கிறதாக இருந்தால் அடியில் பலகை வேண்டும், இல்லாவிட்டால் வான் ஏறாது, ஜக்தான் இறங்கும்.

இன்னொன்று, கடற்கரை ஓரமாக ஓட்டிப் படம் எடுக்கிற ஆசை வேண்டாம். அந்தக் கரையில் ஆமை முட்டை இடும். அத்தோடு உப்புத் தண்ணீர் தெறித்த சேசியை அன்றே நல்ல தண்ணீரால் அடியில் கழுவாவிட்டால் உங்கள் காசு எனக்குத்தான் வரும்.

காரைதீவு: வெள்ள நேரம் தாம்போதியால் (தாழ்ந்த பாலத்துக்கு மேலால்) தண்ணீர் போகும்போது 4 வீல் வான் கடக்குமா? எவ்வளவு ஆழம் வரை?

தண்ணீர் ஓடினால் போகாதீர்கள். ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் கார் மிதக்கும், இரண்டு அடி பெரிய வாகனத்தையும் தள்ளும். வானுக்குப் பக்கம் முழுக்கத் தகரம், வெள்ளம் தள்ளுவதற்கு அகலமான சுவர் போல நிற்கிறது. உள்ளே காற்று நிறைந்த பெட்டி, தண்ணீர் தட்டத் தட்ட டயர் மேலுள்ள பாரம் குறையும், பாரம் குறைந்தால் பிடி போகும், அப்போது எத்தனை சில்லு இழுத்தால் என்ன? 2024 நவம்பரில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மாவடிப்பள்ளி வீதியில், மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றிப்போன உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

தேங்கி நிற்கிற தண்ணீர் என்றால், முதலில் யாராவது நடந்து பார்த்து, அரைச் சில்லுக்குக் கீழே இருந்தால் லோவில் ஒரே சீராகப் போகலாம். நடுவில் எஞ்சின் நின்றால் ஸ்டார்ட் அடிக்க வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது நசியாது, கனெக்டிங் றொட் வளையும். கடந்த பிறகு டிபரன்சல் ஒயில் பால் நிறமாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சூடான டிபரன்சல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும்.

ஏறாவூர்: மழைக்கு நாலு வீல் என்றால் பிரேக்கும் நல்லாப் பிடிக்கும்தானே?

பிடிக்காது. எல்லா வாகனமும் நாலு சில்லாலும்தான் பிரேக் பிடிக்கிறது. வெளிக்கிடுவதற்குத்தான் நாலு வீல் உதவும், நிற்பதற்கு டயரும் உங்கள் வேகமும். மகியங்கனைப் பக்கம் 18 வளைவில் இறங்கும்போது 4 வீலை நம்பாமல் சிறிய கியரில் எஞ்சின் பிரேக்கோடு இறங்குங்கள்.

அக்கரைப்பற்று: டெலிக்கா பார்க்கப் போகிறேன், 4 வீல் வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லைட் எரிவதை வைத்து ஏமாறாதீர்கள். குனிந்து அடியைப் பாருங்கள், எண்ணெய்ச் செலவு குறையும் என்று முன் ஷாப்டையே கழற்றி வைத்த வான்கள் என் கையில் வந்திருக்கின்றன. ஷாப்ட் இருந்தால் கிறவல் தரையில் 4 ஹை போட்டு ஸ்டியரிங்கை முழுக்க வெட்டி மெதுவாக ஓட்டுங்கள், பழைய டெலிக்கா என்றால் இறுகி இழுக்கிற மாதிரி உணர வேண்டும். ஒன்றுமே உணரவில்லை என்றால் முன்னுக்கு விசை போகவில்லை, பெரும்பாலும் முன் அச்சைப் பூட்டுகிற வக்கூம் குழாய் வெடித்திருக்கும், அது சின்ன வேலை. முன் சில்லுப் பக்க றப்பர் பூட் கிழிந்திருந்தால் விலை குறைத்துக் கேளுங்கள்.

களுதாவளை: பின்னுக்கு மட்டும் இரண்டு புது டயர் போட்டால் காணுமா?

எப்போதும் நாலு வீலில் ஓடுகிற வான் என்றால் காணாது. தேய்ந்த டயர் சின்னது, கூடச் சுத்தும், நடுவில் உள்ள கப்ளிங் நாள் முழுக்க அந்த வித்தியாசத்தைத் தாங்கிச் சூடாகிப் போய்விடும். நாலையும் ஒரே சைஸில், ஒரே வகையில் மாற்றுங்கள். லீவர் உள்ள பழைய டெலிக்கா என்றால் றோட்டில் 2 வீலில் ஓடுகிறவரை சமாளிக்கலாம்.