சவுண்ட் ஹீலிங்: படுத்துக் கேட்பதற்கு முன்

எங்கள் அலுவலகத்தில் சவுண்ட் ஹீலிங் அமர்வு நடத்தினார்கள்; உலோகக் கிண்ணங்களைத் தட்டி எழுப்பும் ஓசையைப் படுத்தபடி கேட்க வேண்டும். பாதியிலேயே அசந்து தூங்கிவிட்டேன். அந்தக் கிண்ண ஓசை உடம்பை உண்மையிலேயே ஏதாவது செய்கிறதா, இல்லை சும்மா படுத்திருந்ததால் வந்த தூக்கமா?
*- வாசகி, கோயம்புத்தூர்*

இரண்டும் சேர்ந்துதான். கையால் தட்டிச் செய்த கிண்ணம் முழு வட்டமாக இருப்பதில்லை. அதனால் ஒரே தட்டலில் மிக நெருக்கமான இரண்டு அதிர்வெண்கள் எழும். ஒன்று 200 ஹெர்ட்ஸ், மற்றொன்று 203 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசை விநாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் படித்த விம்மல்கள் இவைதான். பெரிய கிண்ணத்தின் ஓசை அடங்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். திடுக்கிட வைக்கும் எதுவும் அதில் இல்லாததால் காது காவல் காப்பதை விடுகிறது, மூச்சு தானாக நீள்கிறது.

சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 62 பேர் கலந்துகொண்டார்கள். அமர்வுக்குப் பின் அவர்களிடம் பதற்றமும் கோபமும் சோர்வும் குறைந்திருந்தன. ஆனால் ஓசை இல்லாமல் சும்மா படுத்திருந்த ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. ஆகவே மனம் தளர்கிறது என்று நம்பிக்கையோடு சொல்லலாம். கிண்ணத்தின் பங்கு இவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது. சர்க்கரையும் தைராய்டும் குணமாகும் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

ஏழு உலோகம் கலந்த திபெத்தியக் கிண்ணம் என்று பெரிய விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?
*- வாசகர், திருநெல்வேலி*

ஏழு உலோகக் கதைக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் தர வேண்டாம். நல்ல கிண்ணம் என்பது வெண்கலம்: ஏறக்குறைய நான்கு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். சோதித்துப் பார்த்த கிண்ணங்களில் மற்ற உலோகங்கள் இருந்தால், அவை துளியளவுதான். வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் உங்கள் ஊர்ப் பக்கத்துக்குப் புதியதும் அல்ல. ஆதிச்சநல்லூர்ப் புதைகுழிகளிலேயே அத்தகைய பாத்திரங்கள் கிடைத்திருக்கின்றன.

கடையில் கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து, கம்பளி சுற்றிய கோலால் பக்கச்சுவரில் மெதுவாகத் தட்டுங்கள். ஓசை ஒழுங்காகத் தேய்ந்து மறைய வேண்டும். நடுவே ‘ஜிர்’ என்று இரைந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். வெள்ளீயம் கூடிய வெண்கலம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை உடையது, ஒருமுறை தரையில் விழுந்தாலே போதும். பித்தளையில் வார்த்த கிண்ணம் பளபளப்பாக இருக்கும், ஆனால் ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். முதல் கிண்ணத்துக்கு 15 செ.மீ. வாய் அகலமும் அரைக் கிலோவுக்கு மேல் எடையும் இருந்தால் போதும்.

கட்டையால் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் ‘கடகட’ என்று அடித்துக்கொள்கிறது. பாட மாட்டேன் என்கிறது. என்ன தவறு?
*- வாசகி, சேலம்*

பெரும்பாலும் வேகம்தான் காரணம். கட்டை விளிம்பை ஒட்டிப் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடிக்கிறது. அந்தத் தொடர் உராய்வில்தான் கிண்ணம் அதிர்கிறது. அதிர்வு பெருகும்போது விளிம்பே வெளியே வந்து கட்டையை உதைக்கும். உங்கள் அழுத்தம் அந்த உதையைவிடக் குறைந்தால் கட்டை துள்ளும், அதுதான் கடகட. அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். வேகத்தைப் பாதியாக்கி, அழுத்தத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

இடது உள்ளங்கையைத் தட்டையாக விரித்து நடுவில் கிண்ணத்தை வையுங்கள். விரல்கள் சுவரைத் தொட்டால் ஓசை செத்துவிடும். முதலில் ஒரு தட்டு தட்டி ஓசையை எழுப்புங்கள். அது அடங்குவதற்குள் கட்டையை விளிம்பின் வெளிப்புறத்தில் சாய்த்து வைக்காமல் ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றாமல் முழுக் கையாலும் வட்டம் போடுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று விநாடி ஆகட்டும். ஓசை நிறைந்ததும் இன்னும் மெதுவாக்குங்கள். கட்டையில் தோல் சுற்றியிருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். வெறும் மரம் வழுக்கினால் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், துணியால் துடைத்தாலே பல சமயம் சரியாகிவிடும். 25 செ.மீ.க்கு மேற்பட்ட கிண்ணத்தைக் கையில் ஏந்த வேண்டாம், தடித்த மெத்தைத் துண்டின்மேல் வைத்துத் தட்டினால் போதும்.

பிறருக்கு வாசிக்கத் தொடங்கினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அமைதிக்குப் பிறகு வரும் முதல் தட்டல் எப்போதும் மிக மெல்லியதாக இருக்கட்டும். கண் மூடிப் படுத்திருப்பவரின் காதருகே பலமாகத் தட்டினால், அரை மணி நேரம் சேர்த்த தளர்வு ஒரு நொடியில் போய்விடும். ஒரு மணி நேர அமர்வில் ஓசைக்கு 35 முதல் 40 நிமிடம் தாராளம். கடைசி ஐந்து நிமிடம் எதையும் வாசிக்காமல் விடுங்கள். அந்த நேரத்தையும் ஓசையால் நிரப்பிவிடுவதுதான் புதியவர்களிடம் அதிகம் காணும் குறை.

432 ஹெர்ட்ஸ், 528 ஹெர்ட்ஸ் என்று யூடியூபில் வருபவை பலன் தருமா?
*- வாசகர், சென்னை*

இதமாக இருந்தால் கேளுங்கள். எண்ணில் மந்திரம் இல்லை. 528 மரபணுவைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. மேற்கத்திய இசையில் சுருதி சேர்க்க வைக்கும் 440 ஹெர்ட்ஸ் என்பதே வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று இசைய, உலகத் தர அமைப்பு 1955இல் பரிந்துரைத்து 1975இல் உறுதிசெய்த ஏற்பாடுதான். நம் பாடகர்கள் ஒருவர் ஒரு கட்டை, இன்னொருவர் ஐந்து கட்டை என்று குரலுக்கேற்பச் சுருதி வைத்துக்கொள்கிறார்கள், எந்தச் சுருதியிலும் தம்புரா மனதை இழுத்துப் பிடிக்கிறது.

‘பைனாரல் பீட்ஸ்’ மட்டும் ஹெட்போன் இல்லாமல் கேட்டால் வீண். இரண்டு காதுக்கும் வெவ்வேறு அதிர்வெண் தனித்தனியாகப் போனால்தான் மூளைக்குள் அந்த விம்மல் உருவாகும். ஸ்பீக்கரில் இரண்டும் காற்றிலேயே கலந்துவிடும்.

அம்மாவுக்குக் காதில் இரைச்சல் உண்டு, பேஸ்மேக்கரும் வைத்திருக்கிறார். அழைத்துப் போகலாமா?
*- வாசகி, மதுரை*

இதய மருத்துவரையும் காது மருத்துவரையும் கேட்காமல் வேண்டாம். அவர்கள் சரி என்றாலும் அம்மாவின் மார்பின்மேல் கிண்ணம் வைக்க விடாதீர்கள். காங் (தொங்கவிட்டுத் தட்டும் பெரிய உலோகத் தட்டு) வாசிக்கும் அமர்வைத் தவிருங்கள். பக்கத்தில் இருந்து கேட்டால் பெரிய காங் 100 டெசிபலைத் தாண்டக்கூடும். தொழிலிடங்களுக்குப் பரவலாகப் பின்பற்றும் ஒரு கணக்கில் 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். காதிரைச்சல் உள்ளவருக்கு அதுகூட அதிகம். வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நடத்துபவரிடமும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் விசாரிக்காமலே படுக்கச் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டாம்.

செலவில்லாமல் வீட்டில் ஏதாவது செய்யலாமா?
*- வாசகர், தஞ்சாவூர்*

பிராமரி என்ற மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை மூடி, பற்கள் ஒட்டாமல் தாடையைத் தளர்த்துங்கள். மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும் வரை ‘ம்ம்ம்’ என்று வண்டுபோல் ரீங்கரித்து விடுங்கள். ஆறு முதல் எட்டு முறை போதும். ஸ்வீடன் கரோலின்ஸ்கா மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் அளந்தபோது, ரீங்கரிக்கையில் மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு வாயு சாதாரண மூச்சைவிட 15 மடங்கு இருந்தது. சைனஸ் அறைகளில் காற்று நன்றாகப் பரிமாறுவதே அதற்குக் காரணம். தலை சுற்றினால் மூச்சை வலிந்து நீட்டுகிறீர்கள் என்று பொருள், எட்டை ஆறாக்குங்கள். தொண்டை கரகரத்தால் சுருதியைத் தாழ்த்துங்கள். கைபேசித் தம்புரா செயலியை மெல்ல ஓடவிட்டு அதோடு சேர்ந்து ரீங்கரித்தால் குரல் அலையாது. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம்.