கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: யார் வந்தாலும் பார்க்கற மாதிரி சர்வர்

கேள்வி: ஆம்பூர்ல ஷூ அப்பர் தைக்கிற ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கோம் சார், 12 சிஸ்டம். டேலி டேட்டா, ஆர்டர் ஷீட் எல்லாம் ஒரே சர்வர்ல தான் கீது. மச்சான் பையன் பெங்களூர்ல இருந்தப்ப அசெம்பிள் பண்ணி ஜென்டூ லினக்ஸ் போட்டுக் குடுத்தான், நல்லா தான் ஓடிச்சு. இப்ப அவன் ஜெர்மனில. போன வாரம் கரண்ட் போய் வந்தப்பறம் சர்வர் எழும்பல, வேலூர்லேர்ந்து வந்த சர்வீஸ் பையன் ஸ்கிரீனைப் பார்த்துட்டு இது நமக்கு ஆவாதுன்னு பையை எடுத்துகினு கிளம்பிட்டான். ராத்திரி மச்சான் பையனே வீடியோ கால்ல வந்து தான் எழுப்பி விட்டான். இனிமே இன்னா பண்றது, விண்டோஸ் போட்டுடலாமா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: லினக்ஸ் மேல பழி போடாதீங்க. ஜென்டூவும் நல்ல சரக்கு தான், ஆனா அதுல கெர்னல்லேர்ந்து (லினக்ஸோட அடிப்படைப் பகுதி) எல்லாத்தையும் நம்ம இஷ்டத்துக்கு கம்பைல் பண்ணிக்கலாம், அதனால மச்சான் பையன் என்னென்ன மாத்தி வெச்சான்னு அவனுக்கு மட்டும் தான் தெரியும், அவன் தூங்கினா உங்க பில்லிங்கும் தூங்கும். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டின்னா பேர்ணாம்பட்டுலயும் பிரிப்பான் வாணியம்பாடிலயும் பிரிப்பான் இல்லியா, சர்வரும் அப்டி இருக்கணும்.

லினக்ஸே வேணும்னா உபுண்டு எல்டிஎஸ் (ரொம்ப நாள் சப்போர்ட் குடுக்கற உபுண்டு லினக்ஸ்) போடுங்க, வந்த நாள்லேர்ந்து 5 வருஷம் அப்டேட் உண்டு. உங்க சர்வீஸ் ஆளுங்களுக்கு விண்டோஸ் தான் பழக்கம்னா விண்டோஸ் சர்வர் எசென்ஷியல்ஸ் கேளுங்க, 25 பேர் வரைக்கும் தனியா CAL லைசென்ஸ் (சர்வரை யூஸ் பண்ண ஆளுக்கோ மெஷினுக்கோ வாங்கறது) வாங்க வேணாம், 12 சிஸ்டத்துக்கு தாராளம். யாராவது கம்மி ரேட்னு விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 போட்டுத் தரேன்னா விட்டுடுங்க, அதுக்கு சப்போர்ட் 2023 அக்டோபர்லயே முடிஞ்சிடுச்சு, 2016-க்கும் 2027 ஜனவரி வரைக்கும் தான். பாக்ஸ் அசெம்பிள் வேணாம், பிராண்டட் டவர் சர்வரா, 3 வருஷ ஆன்சைட் வாரண்டியோட வாங்கிடுங்க. கூடவே யுபிஎஸ், இ.பி. மாசாந்திர ஷட்டவுன் அன்னிக்கு சர்வரை ஒழுங்கா ஆஃப் பண்ற அளவுக்காவது பேட்டரி பேக்கப் நிக்கணும்.

இன்னொண்ணு பாருங்க. பிராட்பேண்ட் ரவுட்டரும் ஐபி (நெட்வொர்க்ல ஒவ்வொரு மெஷினுக்குமான நம்பர்) குடுக்குது, சர்வரும் ஐபி குடுக்குது, ரெண்டுத்துலயும் டிஹெச்சிபி (அந்த நம்பரைத் தானா குடுக்கற வசதி) ஆன்ல இருந்தா காலைல வர்ற பிரிண்டர் மத்தியானம் காணாம போயிடும், வர்றவன் டிரைவர் டிரைவர்னு மாத்திட்டு போவான். எதுனா ஒண்ணு மட்டும் குடுக்கட்டும், பிரிண்டருக்கு அதுலயே ஐபியை ரிசர்வ் பண்ணிடுங்க. அப்பால ஒரு ஏ4 தாள்ல ரவுட்டர் ஐபி, சர்வர் பேர், எந்த ஃபோல்டர் யாருக்கு ஷேர், வாங்கின கடை, வாரண்டி தேதின்னு எழுதி லேமினேட் பண்ணி சர்வர் பக்கத்துலயே மாட்டுங்க. அட்மின் பாஸ்வேர்ட் மட்டும் அதுல வேணாம், கவர்ல போட்டு ஒட்டி பீரோல வெச்சிடுங்க. புது ஆள் யார் வந்தாலும் அந்த தாளை வெச்சே வேலைய ஆரம்பிக்கணும், ஆரம்பிக்க முடியலன்னா தாள்ல ஏதோ விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

மாத்தறப்ப 11-ந் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20-ந் தேதி 3பி ரிட்டர்ன் போடணும், இந்த நடுவுல கை வெக்காதீங்க. பழைய மெஷினை ஒரு மாசம் ஓரமா அப்டியே வெச்சிருங்க, அழிக்க வேணாம். மச்சான் பையன்கிட்டயும் நல்லபடியா சொல்லிடுங்க, ஓசில இவ்ளோ நாள் பார்த்திருக்கான்.

கேள்வி: ரெண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு ரெய்டு 1 பண்ணியாச்சு, பேக்கப் தனியா தேவையா?
- வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: தேவை தான். ரெய்டு 1-ன்னா ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டாவை எழுதறது, ஒரு டிஸ்க் செத்தா கடை நிக்காம ஓட வைக்கும், அவ்ளோ தான். அக்கவுண்டன்ட் தெரியாம டேலி ஃபோல்டரை டெலீட் பண்ணா ரெண்டு டிஸ்க்லயும் சேர்ந்தே போயிடும், வைரஸ் பூட்டினாலும் அதே கதை. ரெண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வாரம் மாத்தி மாத்தி எடுங்க, ஒண்ணு எப்பவும் வீட்ல இருக்கட்டும். மாசம் ஒருக்கா அந்த பேக்கப்பை வேற சிஸ்டத்துல ரெஸ்டோர் பண்ணி, பேக்கப் எடுத்த நாளுக்கு முந்தின நாள் போட்ட பில் வருதான்னு டேலில தொறந்து பாருங்க.