வீட்டுக் கணினிக்கும் போனுக்கும் ஆன்ட்டிவைரஸ் வாங்கிப் போட்டால் போதுமா? வேறு என்ன செய்ய வேண்டும்?

போதாதுங்க. காரைக்குடி செக்காலைப் பக்கம் ஜெராக்ஸ், பிரவுசிங், கணினி சர்வீஸ் மூன்றும் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. பணத்தையோ ஃபைலையோ தொலைத்துவிட்டு என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஆன்ட்டிவைரஸ் இருந்தது.

போன தை மாதம் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். "தம்பி, கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு, திறக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாருப்பா." வாட்ஸப்பில் வந்தது, அனுப்பியதும் பங்காளி வீட்டுப் பையனின் எண்தான், அதனால் சந்தேகமே வரவில்லை. ஃபைல் பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தது. ஏபிகே என்றால் ஆண்ட்ராய்டு செயலி. பத்திரிகை படமாக வரும், பிடிஎஃபாக வரும், வீடியோவாகக்கூட வரும், ஆனால் இன்ஸ்டால் பண்ணச் சொல்லாது. ஆச்சி இன்ஸ்டாலும் செய்து, எஸ்எம்எஸ் படிக்க அது அனுமதி கேட்டபோது அதற்கும் சரி கொடுத்திருந்தார்கள். அதாவது இனி பேங்க் ஓடிபி வந்தால் அந்தச் செயலியை உருவாக்கிய திருடன் கைக்கும் போய்விடும். உடனே ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபை அணைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, என் போனிலிருந்து பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தினோம். (எண்ணை பாஸ்புக்கில் பார்த்து எடுத்தோம். கஸ்டமர் கேர் என்று கூகுளில் தேடாதீர்கள், போலி எண்கள் அங்கேயும் கிடக்கின்றன.) அப்புறம் பேரப்பிள்ளைகளின் போட்டோக்களை மட்டும் எடுத்துவைத்துவிட்டு போனை முழுக்க ரீசெட் செய்தேன். நல்லவேளை, பணம் போகவில்லை. அந்தப் பையனும் இதே மாதிரி ஒரு பத்திரிகையைத் திறந்தவன்தான், அவனுக்குத் தெரியாமலே அவன் எண்ணிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போயிருக்கிறது.

அடுத்து பாஸ்வேர்ட். எங்கள் ஊர் வளவு வீடுகளில் (நடுவில் முற்றம் வைத்த பெரிய கூட்டுக்குடும்ப வீடுகள்) முகப்பும் வளவும் பொது, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி அறை, தனிச் சாவி. இப்படி வாழ்ந்து பழகியவர்களே மெயில், பேங்க், ஃபேஸ்புக் எல்லாவற்றுக்கும் மகள் பெயரோடு 123 சேர்த்து ஒரே பாஸ்வேர்ட் வைத்திருக்கிறார்கள். எங்கோ ஒரு சின்னத் தளத்திலிருந்து அது கசிந்தால் திருடர்கள் அதையே மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் இன்றே மாற்ற முடியாது என்றால் மெயில் பாஸ்வேர்டை மட்டுமாவது மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்ட் மறந்துபோனால் புதிதாக வைக்கிற லிங்க் பெரும்பாலும் மெயிலுக்குத்தான் வரும். மெயிலிலும் வாட்ஸப்பிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது முதல் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டை, போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டை நோட்டில் எழுதாதே என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வயதானவர்கள் நீளமாக, வேறு வேறாக வைத்து நோட்டில் எழுதி பீரோவில் பூட்டிவைக்கட்டும், வெளியூர்த் திருடனால் அந்த நோட்டைத் தொட முடியாது.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் வந்து உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியபோது, அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10க்கு அப்டேட் கொடுக்கும் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

இனி என் சொந்தக் கதை, சொல்லவே வெட்கம். ஒரு போட்டோ மென்பொருளைக் காசு கொடுக்காமல் கிராக் செய்து போட்டேன். அது ஓடவில்லை என்று ஆன்ட்டிவைரஸை அணைத்ததும் நான்தான். மறுநாள் காலையில் எல்லா ஃபைலுக்கும் வால் மாதிரி ஒரு புதுப்பெயர், கூடவே பணம் கேட்டு ஒரு குறிப்பு. பேக்கப் ஹார்டு டிஸ்க் இருந்தது, ஆனால் எந்நேரமும் கணினியில் செருகியே வைத்திருந்ததால் அதுவும் சேர்ந்து போனது. ஆல்பம் போடக் கொடுத்த இரண்டு கல்யாண வீட்டாரிடம் போய் நின்றேன், அவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. இப்போதெல்லாம் காப்பி எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

மற்றவை சுருக்கமாக. பணம் வாங்க யூபிஐ பின் தேவையில்லை, கேட்டால், கேட்பவன் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறான். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் மட்டும் ஊரில் என்று இருக்கிற வீடுகளுக்கு, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று போலீஸ் உடையில் வீடியோ கால் வருகிறது. நம் சட்டத்தில் அப்படி ஒன்றே கிடையாது, வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930ஐக் கூப்பிடுங்கள், தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போய்விடும்.

அப்புறம் என் மாதிரிக் கடைகள். ஆதார் பிரிண்ட் எடுக்க வாட்ஸப் வெப்பைத் திறந்து, பிரிண்ட் கைக்கு வந்ததும் அப்படியே எழுந்து போகிறீர்கள். உங்கள் போன் வாட்ஸப்பில் லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்துக்குப் போய் வெளியேறுங்கள், டவுன்லோடு ஃபோல்டரில் கிடப்பதை அழிக்கச் சொல்லுங்கள், முடிந்த இடத்திலெல்லாம் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரையே கொடுங்கள். லாக் அவுட் பண்ணியாச்சா என்று நான் கேட்டால், "நம்ம கடைதானே தம்பி" என்கிறார்கள். நம்ம கடைதான், ஆனால் அந்த நாற்காலியில் அடுத்து உட்காரப்போவது யார் என்று எனக்கே தெரியாது.